நெல்லையில் உள்ளூர்ச் சாப்பாட்டை எங்கே, எப்படித் தேடுவது?

கேட்டவர்: மகாராஜநகர்வாசி

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பணிமாறுதலில் பாளையங்கோட்டைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மகாராஜநகரில் வாடகை வீடு. நான், மனைவி, 9 வயது மகள், 71 வயதான என் தந்தை என வீட்டில் நான்கு பேர். தந்தை சுத்த சைவம். நாங்கள் மூவரும் எல்லாம் சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை வெளியில் சாப்பிடுவது எங்கள் குடும்பத்தில் நெடுநாள் வழக்கம். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அந்த ஊர் எனக்கு முதலில் பழக்கமாவது இலையின் முன்னால் உட்காரும்போதுதான்.

இங்கே மட்டும் அது இன்னும் கூடிவரவில்லை. கைப்பேசியில் நட்சத்திரங்கள் அதிகம் வாங்கிய உணவகங்களாகத் தேர்ந்தெடுத்து ஏழெட்டு இடங்களுக்குப் போய்விட்டோம். இடம் சுத்தமாக இருந்தது, கவனிப்பும் நன்றாக இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா இடங்களிலும் பட்டியல் ஒன்றுதான்: பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், பிரைடு ரைஸ், பத்து விதமான தோசை. தஞ்சாவூரிலும் இதைத்தான் சாப்பிட்டோம், திருச்சியிலும் இதைத்தான் சாப்பிட்டோம்.

போன மாதம் புறவழிச்சாலையில் ஓர் உணவகத்தில் ‘திருநெல்வேலி சொதி’ என்று இந்த ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்ததும் என் தந்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். தம்முடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் திருமணத்துக்காக அவர் 1978-இல் திருநெல்வேலி டவுனுக்கு வந்திருக்கிறார். மறுநாள் பந்தியில் சாப்பிட்ட சொதியைப் பற்றி நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று எங்களுக்கு வந்த கிண்ணத்தில் பட்டையும் கிராம்பும் மணந்தன. மேலே முந்திரி மிதந்தது. மாவு கரைத்து ஊற்றியது போலக் குழம்பு கெட்டியாக நின்றது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அவர் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். அது என் மனத்திலேயே நிற்கிறது.

இந்த ஊரில் எத்தனை விதமான மக்கள் வாழ்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். டவுனில் ரதவீதிகள், ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாளையங்கோட்டையின் தேவாலயங்களும் பள்ளிகளும், தெற்கே மேலப்பாளையம் என்று தெருவுக்குத் தெரு அடுப்பில் வேறு வேறு குழம்பு கொதிக்கும்போது, கடைகளில் அது ஏன் என் கண்ணில் படவில்லை? நான் தேடும் முறையில்தான் பிழை இருக்க வேண்டும். கடைகளின் பெயரைச் சொன்னாலும் சரி, தேடும் வழியைச் சொன்னாலும் சரி. தந்தையின் சொதிக்கு ஒரு வழி பிறந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: ரதவீதிக்காரன்

தம்பி, உங்கள் தந்தையார் கிண்ணத்தை நகர்த்தி வைத்த இடத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி அவருக்கு அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டார்களே என்ற வருத்தம். நான் டவுனில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொதி. அது கடைகளில் நிலைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. சைவ வேளாளர் வீடுகளில் திருமணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மறுவீட்டுச் சாப்பாட்டில் வைக்கப்படுவது அது. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப்பட்டாணி ஆகியவற்றை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பையும், வதக்கிய சின்ன உள்ளியையும் (சின்ன வெங்காயம்) வெள்ளைப்பூண்டையும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதையும் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். ஒரு கொதி கூடினாலும் பால் திரிந்துபோகும். காலை 11 மணிக்கு வைத்த சொதியைப் பிற்பகல் 3 மணிக்கு மறுபடி சூடுபண்ண முடியாது. நாள் முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்ற வேண்டிய உணவகம் என்ன செய்யும்? மாவைக் கரைத்து ஊற்றும், கரம் மசாலாவைத் தூவும். உங்களுக்கு வந்தது அதுதான்.

ஆகவே சொதிக்கு உணவகத்தை விட்டுவிட்டுத் தவசுப்பிள்ளையைத் தேடுங்கள். கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆடி, மார்கழி போன்ற முகூர்த்தம் இல்லாத மாதங்களில் 15, 20 பேருக்கு மட்டும் வைத்துக்கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். டவுனில் உள்ள ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்தின் காவலாளியிடம் விசாரித்தால் இரண்டு மூன்று பேரைச் சொல்லுவார். சொதியோடு இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம் கேளுங்கள். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் பண்ணாமல் பார்த்துக்கொள்வது அந்த இஞ்சிதான்.

இரண்டாவது, நேரம். இந்த ஊரில் எந்தக் கடை என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகல் 1 மணிக்குக் குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கென்றே ஒருவகை உணவகம் இருக்கிறது. நீங்கள் இதுவரை பார்த்தது அவற்றை மட்டும்தான். காலை 6 மணிக்கு ரதவீதிகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். வாகையடி முக்கிலிருந்து சந்திப்பிள்ளையார் முக்கு வரைக்கும், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத சின்னக் கடைகளில் ஆவி பறக்க இட்லி எடுப்பார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்பை 16 என்ற குண்டு ரக அரிசி இட்லிக்கு நன்றாக எடுக்கும். தட்டில் மிளகாய்ப்பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தருகிற கடையாக இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள். 9 மணிக்குப் போனால் அந்தக் கடை இருந்த இடத்தில் வேறு வியாபாரம் நடக்கும்.

பகல் சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு சோதனை உண்டு. இன்றைக்கு என்ன காய் என்று பரிமாறுகிறவரிடம் கேட்பேன். கொத்தவரங்காய் என்று சொன்னால் சமையல்காரர் வெளியூர் என்று கொள்வேன். சீனியவரைக்காய் என்றால் உள்ளூர். வெண்பூசணிக்குத் தடியங்காய் என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் சிறுகிழங்குப் பொரியல் வைக்கிற கடையைக் கண்டால் விடாதீர்கள். அந்தக் கிழங்கைத் தோல் சீவி, மண் போகக் கழுவி எடுப்பதற்குள் கை கறுத்துவிடும். அந்த வேலைக்குச் சோம்பாதவர்கள் மற்றக் கறிகளிலும் சோம்ப மாட்டார்கள்.

அல்வாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யுமாக மணிக்கணக்கில் கிண்டி எடுக்க வேண்டிய பண்டம் அது. வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தொடங்கியதால் மிட்டாய்க் கடையை இன்றும் லாலா கடை என்றுதான் சொல்கிறோம். கீழரத வீதியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். சரக்குத் தீர்ந்ததும் மூடிவிடும். அதே போன்ற பெயர்களை எழுதிக்கொண்டு பேருந்து நிலையங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் இருக்கிற கடைகளைக் கண்டு ஏமாற வேண்டாம். பொட்டலமாகக் கட்டி வாங்காமல், முதலில் 100 கிராம் வாழையிலைத் துண்டில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுங்கள். சூடு இருக்கும்போது விரலில் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முடிந்ததும் இனிப்பு மாறக் கொஞ்சம் மிக்சரை உள்ளங்கையில் வைப்பார்கள். உங்கள் மகளுக்கு அது பிடிக்கும்.

பதில் 2: பாளைச் செவிலி

அண்ணாச்சிக்கு வணக்கம். சார்வாள் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்னதெல்லாம் டவுனைப் பற்றியது, அதிலும் ஓர் ஆண் தனியாக நடந்துபோய்ச் சாப்பிடக்கூடிய சாப்பாட்டைப் பற்றியது. நான் செவிலியராக வேலை பார்க்கிறேன். இரவுப்பணி முடித்துக் காலையில் பசியோடு வருகிற பெண்ணுக்கு, பெயர்ப்பலகை இல்லாத கடையின் ஒற்றை பெஞ்சில் இடம் கிடைப்பது எளிதன்று. உங்கள் மனைவியும் மகளும் உடன் வருவார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பாருங்கள். தென்காசி, தூத்துக்குடி வரையிலும் இருந்து நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களும் அங்கே நாள்கணக்கில் தங்குகிறார்கள். காரமும் எண்ணெயும் குறைவாக, மூன்று வேளையும் சாப்பிட்டாலும் வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு அவர்களுக்கு வேண்டும். அதற்காகவே வீட்டு முன்னறையில் நான்கு மேசை போட்டு மெஸ் நடத்துகிற பெண்கள் இருக்கிறார்கள். நான் பழகிய ஒரு மெஸ்ஸில் ஒரு ஆச்சி திங்கட்கிழமை கூட்டாஞ்சோறும் வியாழக்கிழமை உளுந்தஞ்சோறும் வைப்பார். தொலி உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடும் வெந்தயத்தோடும் முழுப் பூண்டுப் பற்களோடும் தேங்காய்ப்பூவோடும் குழைய வேகவைத்து, பக்கத்தில் எள்ளுத் துவையலை உருட்டி வைப்பார். பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம் என்று எங்கள் வீடுகளில் கொடுக்கிற சாப்பாடு அது. இப்படிப்பட்ட இடங்களைக் கைப்பேசியில் தேடினால் கிடைக்காது. மருத்துவமனை வாசலில் இருக்கும் ஆட்டோக்காரர்களிடமோ, ஒரு வாரத்துக்கு மேல் தங்கியிருக்கும் நோயாளியின் துணையாளரிடமோ கேளுங்கள்.

பெரியவர் உடன் வருவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னக் கடை என்றாலே நல்ல கடை என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் மாலை தோசைக்குக் காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியைக் கொடுத்து, என் மகன் இரண்டு நாள் சுருண்டு கிடந்தான். அன்றிலிருந்து மாலையில் போகும் கடையில் சட்னியை முதலில் முகர்ந்து பார்க்கிறேன். வடை போடும் எண்ணெயையும் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெடுதல் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதியே இருக்கிறது. அதைக் கடையில் நின்று நாம் அளக்க முடியாது என்றாலும், எண்ணெய் கறுத்து, பிசுபிசுப்பாகி, வடையைப் போட்டதும் நுரை அடங்காமல் பொங்கினால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். நான் சொன்ன ஆச்சிகூடச் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டி வைத்திருக்கிறார்.

பார்சல் வாங்குவதாக இருந்தால் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். கொதிக்கிற சாம்பாரை பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லதன்று. தூக்குச்சட்டியோடு போகிறவருக்கு ஒரு கரண்டி கூட ஊற்றுவார்கள் என்பதும் என் அனுபவம்.

பதில் 3: மேலப்பாளையத்தான்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மேலப்பாளையம் என்றதும் வெளியூர்க்காரர்கள் பிரியாணி எங்கே என்று மட்டும்தான் கேட்கிறார்கள். பிரியாணி இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் சாப்பிட வேண்டியது நெய்ச்சோறும் கறியாணமும் தால்ச்சாவும். குழம்பை நாங்கள் ஆணம் என்றுதான் சொல்வோம். தறிச் சத்தத்தோடு வளர்ந்த ஊர் இது. நெசவுக்கு நடுவே சாயா குடிக்கிற பழக்கம் தறி குறைந்த பிறகும் போகவில்லை. அஸர் தொழுகை முடிந்து வெளியே வருகிற நேரத்தில், அதாவது மாலை நாலரை மணியிலிருந்து, பள்ளிவாசலைச் சுற்றியுள்ள சாயாக் கடைகளில் வடையும் சமோசாவும் போடப் போட காலியாகிக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் பண்டம் பழசாவதற்கு இடமே இல்லை.

கறி வாங்குவதற்கும் கறிச் சாப்பாட்டுக்கும் கிழமை உண்டு. செவ்வாய்க்கிழமை இங்கே ஆட்டுச் சந்தை கூடும். இரண்டு மூன்று மாவட்டங்களிலிருந்து ஆடுகள் வரும். ஆடு பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் நடத்தும் கடைகளில் கறி வெந்தபிறகும் நார் நாராகப் போகாமல் எலும்போடு ஒட்டி நிற்கும். பெரிய உணவகங்களில் எலும்பில்லாத துண்டுகளையே கேட்டுப் பழகியவர்களுக்கு, நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுவதன் சுகம் இங்கே தெரியும்.

பரோட்டாக் கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் வாப்பா 30 ஆண்டுகள் கல்லின் முன்னால் நின்றவர். மாலை 4 மணிக்குக் கடையின் பக்கமாகப் போய்ப் பாருங்கள். அப்போதே மாவைப் பிசைந்து, உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தால் அந்தக் கடைக்கு இரவு 7 மணிக்கு நம்பிப் போகலாம். மாவு இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால்தான் வீசும்போது கிழியாமல் கண்ணாடிபோல விரியும். வீசிய மாவைச் சுருட்டிச் சுற்றி, மறுபடி சற்று நேரம் விட்டு, பிறகு தட்டிக் கல்லில் போட வேண்டும். வெந்த பரோட்டாக்களை நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள். அப்போது ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். அதை இலையில் நாமே பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறுகிற அளவுக்குப் பொறுத்திருந்து சாப்பிட வேண்டும். சால்னா தண்ணீராக இருக்கிறதே என்று பிற ஊர்க்காரர்கள் குறைப்படுவார்கள். அது ஓடினால்தான் பரோட்டாவின் ஏடுகளுக்குள் இறங்கும்.

செவிலியர் அக்கா பெண்களுக்கு இடம் கிடைப்பது பற்றிச் சொன்னது சரி. இரவு 8 மணிக்கு மேல் சின்ன பரோட்டாக் கடைகளில் குடும்பத்தோடு உட்கார வசதி இருக்காது. 6 மணிக்கெல்லாம் போய்விடுங்கள். அல்லது குற்றாலச் சாரல் காலத்தில் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் வரைக்கும் குடும்பத்தோடு ஒரு பயணம் வாருங்கள். அங்கே பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடுவதற்கென்றே தூரத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. குடும்பங்கள் உட்காரப் போதிய இடமும் உண்டு.

உங்கள் தந்தையாருக்கும் எங்கள் ஊரில் ஒன்று இருக்கிறது. ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் போட்டுக் காய்ச்சுவது. யார் தூக்குச்சட்டியோடு வந்தாலும் ஊற்றுவோம். என்ன மதம் என்று கேட்பதில்லை. சில பள்ளிவாசல்களில் கறி சேர்ப்பார்கள், சிலவற்றில் சேர்க்க மாட்டார்கள். பெரியவர் சைவம் என்று முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். தெரிந்துகொண்டு ஏமாற்ற மாட்டார்கள்.

பதில் 4: உவரிக்கரை

மீன் சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களும் எங்கள் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற தடை இருக்கும். அந்தக் காலத்தில் நகரத்து உணவகங்களில் பெரிய மீன் தாராளமாகக் கிடைக்கிறது என்றால், அது பெரும்பாலும் பனிக்கட்டியில் எங்கிருந்தோ வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். மற்ற மாதங்களிலும் நெய்மீன் வறுவலையே எல்லாரும் கேட்கிறார்கள். சென்னையில் வஞ்சிரம் என்பது அதுதான். நீங்கள் சாளை, அதாவது மத்தி மீன், இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த மீன், சீக்கிரம் கெட்டுப்போகும் மீன். அதனால் சாளைக் குழம்பைத் துணிந்து வைக்கிற கடைக்கு அன்று காலை மீன் வந்திருக்கிறது என்று பொருள். மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து மண்சட்டியில் வைத்தால் மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கும் அது ஆகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உவரிக்கோ இடிந்தகரைக்கோ நேரில் வந்தால், கரையில் ஏலம் போவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம்.

பதில் 5: ரதவீதிக்காரன்

பாளைச் செவிலி அம்மா சொன்னது என் மனத்தில் தைத்தது. என் மனைவியை நான் அந்த இட்லிக் கடைகளுக்கு ஒரு நாளும் அழைத்துப் போனதில்லை, தூக்கில்தான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன் என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். தம்பி, தவசுப்பிள்ளை விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அரிசி, காய், தேங்காய் எல்லாவற்றையும் நீங்களே வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள். அவர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுப்பார். நயினார்குளம் சந்தையில் விடியற்காலையில் வாங்கினால் விலையும் குறையும், காயும் அன்று வந்ததாக இருக்கும். தேங்காயை மட்டும் அவரையே பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் 6: மகாராஜநகர்வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு மாதங்கள் கழித்து வருகிறேன், ஏனென்றால் சாப்பிட்டுப் பார்க்காமல் நன்றி சொல்ல மனம் வரவில்லை.

காலை 6 மணி இட்லிக்கு நானும் மகளும் மூன்று முறை போய்விட்டோம். மிளகாய்ப்பொடியில் குழி பறிப்பதை இப்போது அவளே செய்கிறாள். ஹைகிரவுண்டுப் பக்கத்து மெஸ் ஒன்றை ஓர் ஆட்டோக்கார அண்ணாச்சி காட்டினார். செவிலியர் அம்மா சொன்ன அதே மெஸ்தானா என்று தெரியவில்லை; ஆனால் அங்கே தடியங்காய்ப் புளிக்கறி வைத்தார்கள், அதைத் தடியங்காய் என்றே சொன்னார்கள். மேலப்பாளையத்தில் மாலை 4 மணிக்கு ஈரத்துணி போட்டு மூடிய மாவைப் பார்த்து வைத்துக்கொண்டு, 6 மணிக்குக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தோம். சால்னா இறங்கட்டும் என்று மகளைப் பொறுத்திருக்கச் சொன்னதுதான் கடினமாக இருந்தது. சாளைக் குழம்பு மட்டும் இன்னும் அமையவில்லை. கேட்ட இரண்டு கடைகளிலும் நெய்மீன்தான் இருக்கிறது என்றார்கள்.

இனி சொதி. டவுனில் ஒரு மண்டபத்துக் காவலாளி மூலமாக ஒரு தவசுப்பிள்ளை கிடைத்தார். 15 பேருக்குக் குறைந்து வைத்தால் சொதிக்குப் பக்குவம் வராது என்று அவர் சொன்னதால், எங்கள் மாடியில் குடியிருப்பவர்களையும் எதிர்வீட்டாரையும் சேர்த்துக்கொண்டோம்; 18 பேர் ஆனார்கள். தேங்காய்களை அவர் ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்து எடுத்தார். மூன்றாம் பாலில் காய்கள் வெந்துகொண்டிருந்தபோதே என் தந்தை சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் பாலை ஊற்றியதும் தவசுப்பிள்ளை அடுப்பின் முன்னாலிருந்து அசையவில்லை. ஓரத்தில் நுரை கூடியதும் இரண்டு துணிகளைப் பிடித்துப் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்து, எலுமிச்சம்பழத்தை விதை விழாமல் விரல்களுக்கு நடுவே பிழிந்தார்.

தந்தை முதல் கவளத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தவசுப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்து, “அன்றைக்கு இதில் முருங்கைக்காய் இன்னும் கொஞ்சம் கூட இருந்தது” என்றார். அவர் சிரித்துக்கொண்டு, “ஐயா, இது ஐப்பசி மாதம், முருங்கை விலையைப் பார்த்து உங்கள் மகனிடம் நான்தான் குறைத்து எழுதிக் கொடுத்தேன்” என்றார். தந்தை இரண்டு முறை சோறு வாங்கி, இஞ்சிப் பச்சடியை இலையில் மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்.

இன்னும் ஒரு கேள்வி. திருக்கார்த்திகைக்கு இங்கே பனங்குருத்தோலையில் கொழுக்கட்டை வைப்பார்கள் என்று எதிர்வீட்டு ஆச்சி சொன்னார்கள். தாம் கற்றுத்தருவதாகவும், ஓலையை நாங்கள் வாங்கி வர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஓலை எங்கே கிடைக்கும், எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில் 7: பாளைச் செவிலி

அண்ணாச்சி, திருக்கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சந்தை வாசல்களில் கட்டுக்கட்டாக வைத்து விற்பார்கள். உங்கள் மகாராஜநகர் உழவர் சந்தைப் பக்கத்திலேயே விசாரித்துப் பாருங்கள். பச்சை ஏறிய ஓலை வேண்டாம். வெளிர்மஞ்சளாக, மடக்கினால் ஒடியாமல் வளைகிற குருத்தாகப் பார்த்து எடுங்கள். மாவுக்குப் போட உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவருக்குச் சர்க்கரை நோய் இல்லையே?